யூடியூப்பின் முதல் காலம்: யாழ்ப்பாணத்தில் இருந்து பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

கேள்வி, 23.04.2025

இன்றைக்கு யூடியூப்பில் முதல் வீடியோ ஏறி 20 வருடம். எங்கே பார்த்தாலும் "அந்தக் காலம் போல வராது" என்று எழுதுகிறார்கள். நான் 2004 இல் பிறந்தவன், மானிப்பாய். அந்த நேரம் யாழ்ப்பாணத்தில் இருந்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். உண்மையிலேயே நன்றாக இருந்ததா, இல்லை உங்களுக்கு வயது போனதால் அப்படித் தெரிகிறதா?

24.04.2025

வயது போனதால்தான்.

24.04.2025, இரவு

சரி, ஒழுங்காகச் சொல்கிறேன். மத்தியானம் கடையில் போட்டோக் கொப்பிக்கு ஆட்கள் நின்றதால் ஒரு வரியோடு விட்டுவிட்டேன்.

அந்த முதல் வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 19 செக்கன். சான் டியாகோ மிருகக்காட்சிச்சாலையில் யானைகளுக்கு முன்னால் நின்று, யூடியூப்பைத் தொடங்கிய மூவரில் ஒருவரான ஜாவெட் கரீம், இவற்றுக்கு நல்ல நீளத் தும்பிக்கை என்கிறார். முடிந்தது. கோயிலுக்கு யானை வந்தால் எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் இதைவிடக் கனக்கச் சொல்லுவார்கள்.

நான் முதலில் பார்த்தது 2006 இல், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், கம்பஸுக்குக் கிட்ட ஒரு கொமினிக்கேசனில். முன்பக்கம் ரெலிபோன் பெட்டிகள். பின்பக்கம் பலகை அடித்துப் பிரித்த நாலு கொம்பியூட்டர். மணித்தியாலத்துக்கு 60 ரூபா. ஒரே லைனை நாலும் பங்கு போடும். நானும் ஒரு கூட்டாளியும் ஒரு கதிரையில் பாதிப் பாதியாக இருந்து பார்ப்போம். ஹெட்போனில் ஒரு காது வேலை செய்யாது, வேலை செய்கிற காதுக்குச் சண்டை.

வேகத்தைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், அப்போதுதான் உங்களுக்கு விளங்கும். அந்தக் கால வீடியோ 320க்கு 240 புள்ளி. மூன்று நிமிடப் பாட்டு ஒன்று ஏறக்குறைய 6, 7 எம்பி வரும். எங்களுக்குக் கிடைத்தது செக்கனுக்கு 5 கிலோபைட். அதாவது மூன்று நிமிடத்தைப் பார்க்க இருபது நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். ஓடவிட்டு, உடனே நிறுத்திவைத்து, வெளியே போய் பிளேன் ரீ குடித்துவிட்டு வருவோம். வீடியோ எவ்வளவு வந்திருக்கிறது என்று காட்டுகிற சாம்பல் கோடு மெல்ல மெல்ல ஊர்ந்துகொண்டிருக்கும். ஒரு மணித்தியாலக் காசுக்கு இரண்டு பாட்டு, அதிர்ஷ்டம் இருந்தால் மூன்று. எதைப் பார்ப்பது என்று முதல்நாளே கதைத்து முடிவெடுத்துக்கொண்டுதான் போவோம்.

அது நன்றாக இருந்ததா? எனக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கும் யூடியூப்புக்கும் எவ்வளவு தொடர்பு என்று தெரியவில்லை. பதினாறு வயதில் ரோல்ஸும் நன்றாகத்தான் இருந்தது.

26.04.2025

ஒருவர் பிடித்துவிட்டார். "அண்ணை, 2006 ஆவணியில் ஏ9 பூட்டி, போன் லைன் எல்லாம் அறுந்து, ஒரு கிலோ சீனிக்கு வரிசையில் நின்ற நேரம் நீங்கள் மட்டும் யூடியூப் பார்த்தீர்களோ?" என்று கேட்டிருக்கிறார்.

நியாயமான கேள்வி. யாழ்ப்பாணத்துக்கு வருகிற அந்த ஏ9 பாதை பூட்டியது 2006 ஓகஸ்ட் 11. நான் சொல்வது அதற்கு முதல் என்று வாதாடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் ஒரு விஷயம் ஞாபகம் வந்து கவிழ்த்துவிட்டது. வீடியோ முகவரியின் கடைசியில் "&எஃப்எம்டி=18" என்று ஆங்கிலத்தில் தட்டினால் படம் கொஞ்சம் தெளிவாக வரும். அந்த வித்தையை அந்தக் கடையில் நின்ற பெடியன்தான் எங்களுக்குக் காட்டினான். அது 2008 இல் வந்த வித்தை. அப்படியென்றால் நான் சொல்கிற கதிரை, ஹெட்போன், பிளேன் ரீ எல்லாம் 2008. எனக்குப் பதினெட்டு வயது. யூடியூப்பைக் கூகிள் 2006 ஒக்டோபரிலேயே 165 கோடி டொலருக்கு வாங்கிவிட்டது. "கூகிள் வாங்குவதற்கு முதலே பார்த்தவன்" என்று இத்தனை வருடம் சொல்லித் திரிந்ததை இத்துடன் வாபஸ் வாங்குகிறேன்.

27.04.2025

2008 என்றவுடன் மற்றதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கேள்வி கேட்ட தம்பி இதை ஏதோ பிளேன் ரீ காலம் என்று நினைத்துக்கொள்வார்.

உள்ளே போகும்போது கொப்பியில் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் எழுத வேண்டும். சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கும்: "அரசியல் வீடியோக்கள் பார்க்க வேண்டாம்." கடைக்கார அண்ணை அதைத் தனக்காக ஒட்டவில்லை, எங்களுக்காகத்தான் ஒட்டியிருந்தார். பின்னால் யாராவது நின்றால் திரையைச் சின்னதாக்குவோம், அது வெறும் சினிமாப் பாட்டாக இருந்தாலும். பொழுதுபட முதல் வீட்டுக்குப் போய்விட வேண்டும், ஊரடங்கு. சாம்பல் கோடு முக்கால்வாசி வந்து நிற்கும்போது அண்ணை வந்து "தம்பிமார், பூட்டப் போறன்" என்பார். அந்தக் கால்வாசியை நான் இன்றுவரை பார்க்காத வீடியோக்கள் சில இருக்கின்றன.

கரண்ட் போனால் முழுவதும் போகும். திரும்ப முதலில் இருந்து.

ஆகவே "பொற்காலம்" என்ற சொல்லை யாரும் இந்தப் பக்கம் கொண்டுவர வேண்டாம். நான் கொண்டுவந்தாலும் தடுங்கள்.

27.04.2025, பின்னேரம்

மேலே எழுதியதை வாசித்தால் நானே அழுதுவிடுவேன் போலிருக்கிறது. பகிடியும் இருந்தது. அந்த நேரம் யூடியூப் ஓடிய ஃபிளாஷ் வீடியோ என்பது கொம்பியூட்டரின் தற்காலிகக் கோப்புறையில் முழுதாக வந்து விழும். அதைத் தேடிப் பிடித்து, பெயரை மாற்றி, பென் ட்ரைவில் போட்டுக்கொண்டு போனால் உங்களுடையது. நாங்கள் பார்க்கிற வீடியோவைத்தான் எடுப்போம் என்றில்லை. எங்களுக்கு முதல் அந்தக் கதிரையில் இருந்தவர் பார்த்ததும் அங்கேதான் கிடக்கும். ஒருமுறை அப்படி எடுத்துக்கொண்டு போய் வீட்டில் ஆவலாகத் திறந்தால், ஒரு வெள்ளைக்காரர் தண்ணீர்க் குழாய்க்கு வோசர் மாற்றுவது எப்படி என்று பதினைந்து தடவை விளக்குகிறார். ஆங்கிலம். அப்பா அதை மூன்றுமுறை போடச் சொன்னார். எங்கள் வீட்டுக் குழாய் ஒழுகுவது அதோடு நின்றது.

29.04.2025

"நிறுத்திவைத்து நிறைய விடுகிற வேலை இப்போது ஏன் சரிவருவதில்லை?" என்று கேட்டவருக்கு.

அப்போது வீடியோ ஒரே கோப்பு. நீங்கள் பார்க்கிறீர்களோ இல்லையோ, அது கடைசிவரை இறங்கிக்கொண்டே இருக்கும். 2013 அளவில் இருந்து அதைச் சில செக்கன் துண்டுகளாக வெட்டி, லைனின் வேகத்தைப் பார்த்து, கொஞ்சத் தூரத்துக்கு மட்டும் முன்கூட்டி எடுக்கிறார்கள். நிறுத்திவைத்தால் அதுவும் நின்றுவிடும். பாதிப் பேர் பாதியில் விட்டுவிட்டுப் போகிற வீடியோவை முழுதாக அனுப்பி ஏன் வீணாக்குவான் என்ற கணக்கு. அவர்கள் பக்கம் நியாயம்தான். பனிக்காலத்தில் சுட்ட சோளம் போல, காத்திருந்ததற்குக் கூலியாக ஒரேயடியாக ஓடுகிற அந்தச் சுகம்தான் இல்லை.

(பனிக்காலம், சுட்ட சோளம் எல்லாம் எனக்கு எங்கே இருந்து வந்தது? கொக்குவிலில் நான் எப்போது பனியில் நின்று சோளம் தின்றேன்? கனடாக்காரரோடு கனக்கக் கதைக்கிறேன்போல. விடுங்கள்.)

02.05.2025

யூடியூப் எப்படித் தொடங்கியது என்று ஒரு சின்ன வாக்குவாதம் நடப்பதைப் பார்த்தேன். இரண்டு பேரும் சரி. ஜாவெட் கரீம் சொன்ன கதை: 2004 டிசம்பர் சுனாமி வீடியோக்களைத் தேடினார், ஓரிடத்திலும் ஒழுங்காகக் கிடைக்கவில்லை, அதில் இருந்து யோசனை வந்தது. மற்ற இருவர் சொன்ன கதை: ஒரு விருந்தில் எடுத்த வீடியோவைக் கூட்டாளிகளுக்கு அனுப்ப முடியவில்லை. அத்தோடு, தொடக்கத்தில் அது ஆணும் பெண்ணும் சோடி தேடுகிற தளமாகத்தான் இருந்தது, அதற்கு ஒருவரும் வரவில்லை.

எனக்குச் சுனாமிக் கதையோடுதான் ஒட்டு. அவர் அமெரிக்காவில் இருந்து தேடிய அந்த அலை மணற்காட்டையும் மருதங்கேணியையும் அடித்த அலை. அந்த வீடியோக்களை நாங்கள் தேடவில்லை. ஆட்களைத் தேடினோம்.

03.05.2025

தொடங்கியது 2005 என்று எல்லாரும் சொல்வதில் எனக்கு ஒரு குறை. எங்கள் ஊருக்கு அது அதற்கு முதலே தொடங்கிவிட்டது.

டெக், அதாவது வீடியோக் கசற் போடுகிற பெட்டி, அந்தக் காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1990 இற்குப் பிறகு கரண்ட் இல்லை. றேடியோ கேட்கச் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து டைனமோவைச் சுற்றின ஊர். அந்த ஊரில் ரீவியும் டெக்கும் மண்ணெண்ணெயில் ஓடுகிற ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்து, ஒழுங்கை முழுவதும் காசு போட்டு, இரவிரவாக மூன்று படம் ஓடும். நான் மூன்றாவது படத்தை ஒருநாளும் பார்த்ததில்லை, அம்மம்மாவின் மடியில் நித்திரை. அதுவும் வீடியோவைப் பகிர்ந்து பார்த்ததுதானே. ஜெனரேற்றர் இருமினால் படம் நடுங்கும், எண்ணெய் விட்டுவிட்டு வரும்வரை முழு ஒழுங்கையும் காத்திருக்கும். அதுதான் எங்கள் முதல் பஃபரிங்.

அப்புறம் கலியாண வீடியோ. சாமத்தியவீடு, செத்தவீடு, அந்தியேட்டி, எல்லாவற்றுக்கும் வீடியோ. ஊரில் நிற்பவர்கள் பார்க்க அல்ல, அவர்கள் நேரிலேயே பார்த்தார்கள். கனடாவுக்கு ஒன்று, லண்டனுக்கு ஒன்று, சுவிசுக்கு ஒன்று. இதில் ஒரு கரைச்சல் இருந்தது. எங்கள் நாட்டில் ரீவி முறை பால் (PAL). லண்டனிலும் பால். கனடாவில் என்ரிஎஸ்சி (NTSC) என்ற வேறு முறை. நாங்கள் அனுப்பிய கசற்றை ஸ்காபரோவில் டெக்கில் போட்டால் கறுப்பு வெள்ளையாக உருண்டு உருண்டு ஓடும். அங்கே ஒரு கடையில் கொடுத்து மாற்றி எடுக்க வேண்டும். பெரியம்மாவின் மகளுடைய கலியாணத்தை மாமா முதலில் பார்த்தது அப்படி உருண்டபடிதான். தாலி கட்டுகிற இடம் மட்டும் இரண்டு செக்கன் நேராக நின்றதாம்.

யூடியூப்பில் பாலும் இல்லை, என்ரிஎஸ்சியும் இல்லை. யாரும் இதை எழுதுவதில்லை. கொழும்பில் இருந்து பார்க்கிறவனுக்குப் பூனை வீடியோ பெரிய விஷயமாக இருந்திருக்கும். எங்களுக்கு ஒரு கோப்பு இரண்டு நாட்டிலும் ஒரே மாதிரி ஓடியதே பெரிய விஷயம்.

06.05.2025

தவில் பற்றி யாரோ கேட்டிருந்தீர்கள். ஓம், யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் வாசிப்பை நான் முதலில் கேட்டதே யூடியூப்பில்தான். அவர் காலமானது 1975. அசைகிற படத்துக்கு எங்கே போவது? யாரோ ஒரு புண்ணியவான் பழைய ஒலிப்பதிவை எடுத்து, ஒரேயொரு புகைப்படத்தை வைத்து, பத்துப் பத்து நிமிடத் துண்டுகளாக ஏற்றியிருந்தார். அந்தக் காலத்தில் பாதி யூடியூப் அப்படித்தான், படம் அசையாத வீடியோ.

வீட்டுக்கு லைன் எடுத்த பிறகு அப்பா பின்னால் கதிரை போட்டிருந்து கேட்பார். தொடையில் தாளம். லைன் தடக்கினால் படத்தைப் பார்த்து அறிய முடியாது, அது எப்போதும் நிற்கிற படம். அப்பாவின் கை அந்தரத்தில் நிற்பதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். கோடு நிறைந்து சத்தம் திரும்ப வந்தவுடன் கை சரியான அட்சரத்தில் இறங்கும். அது எப்படி என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

11.05.2025

கேள்வி கேட்ட தம்பி திரும்ப வந்திருக்கிறார்: "பார்த்தது சரி, நீங்கள் ஏதாவது ஏற்றினீர்களா?"

ஏற்றினேன். ஒன்று. ஒன்று என்ன, இரண்டு பகுதி.

மாமா 1989 இல் போனவர், ஸ்காபரோ. சண்டை முடிந்து, பாதை திறந்து, எல்லாரும் வந்துபோகத் தொடங்கிய நேரம் அவருக்கு லீவு கிடைக்கவில்லை. போன் எடுத்து, "தம்பி, எனக்கு ஆட்களை எடுத்து அனுப்ப வேண்டாம், ஆட்களின் முகம் எனக்குத் தெரியும். றோட்டை எடு" என்றார். தட்டாதெருச் சந்தியில் இருந்து எங்கள் வீட்டுப் படலைவரை, நிற்காமல்.

2010 சித்திரை. கூட்டாளி சைக்கிள் உழக்க, நான் பின் கரியரில் இருந்து நொக்கியா போனைத் தோளுக்கு மேலால் பிடித்துக்கொண்டு வந்தேன். கே.கே.எஸ். றோட், கொக்குவில் சந்தி, பிறகு ஒழுங்கை. தண்டவாளம் இல்லாத றெயில் பாதை. றெயில் திரும்ப வந்தது 2015 இல்தானே, அப்போது அது புல்லு மேட்டில் மாடு கட்டுகிற இடம். நான் ஓயாமல் கதைத்துக்கொண்டே வந்தேன், இது இன்னாற்ற வீடு, இது இடிஞ்சுபோச்சு, இது புதுசு என்று.

அப்போது யூடியூப்பில் பத்து நிமிடத்துக்கு மேல் ஏற்ற முடியாது. 2006 இல் போட்ட கட்டுப்பாடு, 2010 ஆடியில்தான் பதினைந்து ஆக்கினார்கள். எங்கள் வீடியோ பிள்ளையார் கோயில் வாசலில் பத்தாவது நிமிடம் முடிந்துவிட்டது. வீடு இன்னும் நூறு யார். மாமா அங்கே தலையில் கைவைத்துவிட்டார். இரண்டு கிழமை கழித்துத்தான் பகுதி 2 ஏற்றினேன், வீடுவரை. ஏற்ற முக்கால் மணித்தியாலம் எடுத்தது, அதிலும் இரண்டுமுறை கரண்ட் போய்த் திரும்பத் தொடக்கம்.

வீடு வீடாக மஞ்சள் பெட்டியில் பெயர் எழுதி வீடியோவுக்கு மேலே ஒட்டியிருந்தேன். அந்தப் பெட்டி வசதியை 2019 தையில் ஒரேயடியாக எடுத்துவிட்டார்கள், தெரியுமா? மாமா ஐந்து நட்சத்திரம் போட்டார். மொத்தப் பார்வை 37. பார்த்தவர்கள் எல்லாரையும் எனக்குப் பெயரோடு தெரியும், அதில் இருபது தரமாவது மாமாதான் பார்த்திருப்பார். இன்றைக்கு ஒரு இலட்சம் பேர் பார்க்கிறவனுக்கு இந்தக் கணக்கு வராது.

12.05.2025

இணைப்புக் கேட்டு ஆறு பேர். இல்லை. சொல்கிறேன்.

முதலில் எல்லாரும் பார்க்கிற மாதிரித்தான் கிடந்தது. அம்மா படலையில் வீட்டில் போடுகிற சோட்டி உடுப்போடு நிற்பதை ஊர் பார்க்குமென்று அம்மாவுக்குக் கோபம். அந்த மே மாதம் இணைப்பு வைத்திருப்பவர் மட்டும் பார்க்கிற வசதி வந்தது, அதற்கு மாற்றிவிட்டேன். பிறகு அந்தக் கணக்கையே மறந்துபோனேன். 2017 இற்கு முன் அப்படி ஏற்றியவை எல்லாம் 2021 ஆடி 23 இல் தனிப்பட்டவையாக மாறின, ஏற்றியவரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. பாதுகாப்புக்காகச் செய்தது. வேண்டாமென்றால் முன்கூட்டியே சொல்லலாம் என்று மின்னஞ்சல் அனுப்பினார்கள். அது போயிருக்கும், நான் பத்து வருடமாகத் திறக்காத முகவரிக்கு. கடவுச்சொல் தெரியாது, அதற்குக் கொடுத்த போன் இலக்கமும் இப்போது என்னிடம் இல்லை. இதில் யாரையும் குறை சொல்ல இடமில்லை, முழுக்க என் சோம்பல்.

வீடியோ எங்கேயோ பத்திரமாக இருக்கிறது என்பதுதான் இன்னும் கடுப்பு.

13.05.2025

"2010 சித்திரையில் நட்சத்திரம் இல்லையே அண்ணை, பங்குனி கடைசியிலேயே பெருவிரலாக மாற்றிவிட்டார்களே?"

ஓம். இப்போதுதான் பார்த்தேன். அப்படியானால் மாமா பெருவிரலைத்தான் தூக்கியிருப்பார். ஆனால் அவர் போனில் "அஞ்சு நட்சத்திரம் போட்டனான்" என்று சொன்னது என் காதில் கேட்கிறதே.

அதற்கு இன்னொருவர்: "உங்கள் ஞாபகம் அந்தக் கால 301 மாதிரி, ஒரு இடத்தில் இறுகினால் பிறகு அசையாது." 2015 வரை பார்வை எண்ணிக்கை 301 இல் வந்து நின்றுகொள்ளும், நினைவிருக்கிறதா? சரி, வாங்கிக்கொள்கிறேன்.

19.05.2025

இடையில் வேறு கதை. இப்போதைய எங்கள் ஊர்ச் சனல்களைப் பற்றி மேலே ஒருவர் கேவலமாக எழுதியிருந்தார். "வணக்கம் உறவுகளே" என்று தொடங்கி, ஒரு கொத்து ரொட்டிக்கு இருபது நிமிடம். எனக்கும் அந்தக் குரல் கேட்டால் பல்லுக் கூசும். நேற்று ஒன்றை வேண்டுமென்றே கடைசிவரை பார்த்தேன். பெடியன் மோட்டார் சைக்கிளில் வல்வெட்டித்துறையில் இருந்து பருத்தித்துறைக்குக் கடற்கரையோடு போகிறான், வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டு, இது புதுசு, இது இடிஞ்சது என்று. கீழே நோர்வேயில் இருந்து ஒரு அம்மா: "தம்பி அந்த மடத்தடியில் கொஞ்சம் நிறுத்தியிருக்கலாம்."

நான் கரியரில் இருந்து செய்ததைத்தான் அவன் ஹெல்மெட்டில் கமரா கட்டிச் செய்கிறான். படம் என்னுடையதைவிட நூறு மடங்கு வடிவு. இனி அவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. "உறவுகளே" மட்டும் வேண்டாம்.

29.05.2025

கிடைத்துவிட்டது!

ஸ்காபரோவில் மச்சான் பழைய லப்டொப்பைத் திறந்திருக்கிறான். மாமா 2018 இல் காலமானதில் இருந்து அது அலுமாரிக்கு மேலே கிடந்தது. உள்ளே மாமா றியல்பிளேயர் என்ற மென்பொருளால் இறக்கிவைத்த கோப்பு. பகுதி 1. நேற்று இரவு அனுப்பினான். இன்னும் திறக்கவில்லை, கடை பூட்டிய பிறகு வீட்டில் எல்லாரையும் வைத்துப் பார்க்கலாம் என்று வைத்திருக்கிறேன்.

30.05.2025

பார்த்தோம்.

மஞ்சள் பெட்டிகள் இல்லை, அவை வீடியோவுக்கு மேலே மிதந்தவை, கோப்போடு வராது. அதனால் எந்த வீடு எது என்று என் குரலை நம்பித்தான் பார்க்க வேண்டும், அந்தக் குரலோ காற்றில் பாதி அள்ளுண்டு போகிறது. இருபது வயதில் எனக்கு இவ்வளவு கீச்சுக் குரலா? மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். கொக்குவில் சந்தியில் ஒரு கடை வாசலில் நிற்கிற ஆளைக் கண்டு "உவன் போய்ப் பத்து வருசம்" என்றார்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும், சொல்லக் கொஞ்சம் வெட்கம். வீடியோ பத்து நிமிடம் இல்லை. 6 நிமிடம் 12 செக்கன். கோயில் வாசலிலும் முடியவில்லை. கோயிலே அதில் இல்லை. றெயில் பாதை இருந்த மேட்டில் ஏறுகிறோம், மாடு ஒன்று திரும்பிப் பார்க்கிறது, கண்ணாடியில் இரண்டு மூன்று துளி. கூட்டாளி சொல்கிறான்: "டேய் மழை வருது, போனை உள்ள வை." நான்: "மாமா, மிச்சம் நாளைக்கு." முடிந்தது.

பத்து நிமிடக் கட்டுப்பாடு உண்மையாகவே இருந்தது. எங்கள் வீடியோவுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. பதினைந்து வருடம் இந்தக் கதையைச் சொல்லி எத்தனை பேரைச் சிரிக்கவைத்திருக்கிறேன். கோயில் வாசலில் நின்றுபோன அந்தக் கடைசிக் காட்சியை இப்போதும் கண்ணை மூடினால் பார்க்கலாம், வாசலில் செருப்புகள் கிடக்கும்.

01.06.2025

பகுதி 2 ஐயும் தேடச் சொல்லி மச்சானிடம் கேட்டிருக்கிறேன். அதில்தான் கோயிலும் வீடும். அந்த நொக்கியாவின் மெமரி சிப் என்னிடம் இருக்கிறது, மூன்று கொம்பியூட்டரில் போட்டுப் பார்த்துவிட்டேன், ஒன்றும் அடையாளம் காணவில்லை.

08.06.2025

மச்சான் லப்டொப் முழுவதும் தேடிவிட்டான், இல்லை. இன்றைக்கு மாமி போன் எடுத்தார். பகுதி 2 எந்தக் கோப்புறையில் இருக்கும் என்று மாமா ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன்.

"அது வரவே இல்லையே தம்பி" என்றார்.

இரண்டு கிழமை கழித்து ஏற்றினேனே மாமி என்றேன். மாமி குரலை மாற்றாமல், "இல்லை அப்பன். மாமா ஒவ்வொரு ஞாயிறும் திறந்து பார்ப்பார். உங்களுக்குச் சோதனையாக்கும், கேட்டால் கரைச்சல் என்று கேட்கவில்லை" என்றார். 2012 இல் அவர் வந்தபோது வானைச் சந்தியில் நிற்பாட்டச் சொல்லி இறங்கி ஒழுங்கையால் தனியே நடந்து வந்தாராம். அது எனக்குத் தெரியும், நான் அந்த வானில் பெட்டிகளோடு இருந்தவன். லண்டன், கனடாக்காரருக்கு நடக்கிற பைத்தியம் என்று அப்போது வீட்டில் பகிடிவிட்டோம்.

அம்மா சோட்டியோடு படலையில் நிற்பது எந்த வீடியோவில் இருந்தது என்று இப்போது யோசிக்கிறேன். பகுதி 1 இல் வீடே இல்லை. அம்மாவிடம் கேட்டேன். "நீ வீடியோ எடுத்தனியோ?" என்றார்.

09.06.2025

எஃப்எல்வி, அதாவது அந்தக் கால ஃபிளாஷ் வீடியோக் கோப்பு திறக்கவில்லை என்று கேட்டவருக்கு: வீஎல்சீ மென்பொருளில் போட்டுப் பாருங்கள், அது பெரும்பாலும் திறக்கும். ஃபிளாஷ் 2020 கடைசியோடு நின்றுவிட்டது என்பது உலாவிக்குத்தான், கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. திறந்தவுடன் எம்பி4 ஆக ஒரு பிரதி எடுத்து, இரண்டு இடத்தில் வையுங்கள். படத்தைப் பெரிதாக்க வேண்டாம், பெரிதாக்கினால் மாடும் மேடும் ஒன்றாகிவிடும்.